நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: பார்க்கத் தகுந்ததா, கூட்டத்தில் நசுங்கத்தானா?

#1 மாம்பலம்வெயில்

2026 டிசம்பர் 19 முதல் 29 வரை மியூனிக்கில் தங்குகிறோம். அங்கிருந்து ஒரு நாள் நியூரம்பெர்க் போய் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்த்து வரத் திட்டம். இரண்டு பெரியவர்கள், 9 வயதுப் பையன், 68 வயது அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பண்டிகையன்றே போனால்தான் களைகட்டும் என்று 25-ஆம் தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம்.

அவ்வளவு தூரம் போவதற்கு அது தகுமா? தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி இடிபட்டுத் திரும்ப வேண்டியிருக்குமா? எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பெக்னிட்ஸ்கரை

முதல் வேலையாக அந்த 25-ஐ அடித்துவிடுங்கள். 25-ஆம் தேதி போனால் கடை பிரித்த சதுக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். நியூரம்பெர்க் சந்தை கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்துக்கான சந்தை. முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறில் முதலாவது) முந்தின வெள்ளியன்று தொடங்கும், டிசம்பர் 24-ஓடு சரி. 2026-ல் அந்த வெள்ளி நவம்பர் 27. தினமும் காலை 10 முதல் இரவு 9 வரை, 24-ஆம் தேதி மட்டும் மதியம் 2 மணிக்கே மூடிவிடுவார்கள். 24 மதியத்துக்குப் பிறகு ஊரே கதவடைக்கும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை, மளிகைக் கடைகூட இருக்காது. வியன்னாவில் நகரமன்றத்துக்கு எதிரே இருக்கும் சந்தை 26 வரை நடக்கும். அதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லா ஊரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

உங்கள் தேதிகளில் 19 சனி, 20 நாலாவது அட்வென்ட் ஞாயிறு. இரண்டும் வேண்டாம். 21 திங்கள் அல்லது 22 செவ்வாய் எடுங்கள். 23 பரவாயில்லை ரகம்.

நேரம்: சந்தைக்கு மட்டும் மூன்றரை, நாலு மணி நேரம் தாராளம். அதற்கு மேல் அங்கேயே சுற்றினால் அதே கடையை மூன்றாவது தடவை பார்ப்பீர்கள். மிச்ச நேரத்தைப் பழைய நகரத்துக்குக் கொடுங்கள். தகுமா என்ற கேள்விக்கு என் பதில், வார நாளில் காலையில் போய் இருட்டும்வரை இருந்தால் தகும். சனிக்கிழமை மாலை மட்டும் போவதாக இருந்தால் மியூனிக்கிலேயே இருங்கள்.

#3 ரயில்பித்தன்

மியூனிக்கிலிருந்து இரண்டு வழி. அதிவேக ஐசிஇ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். முன்கூட்டியே வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் வாங்கினால் கையைக் கடிக்கும். இன்னொன்று இங்கோல்ஸ்டாட் வழியாகப் போகும் வட்டார ரயில், மியூனிக்-நியூரம்பெர்க் எக்ஸ்பிரஸ். முக்கால் மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பயேர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநில வட்டார ரயில்களுக்கான ஒரு நாள் டிக்கெட், இதில் செல்லும். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், ஆள் கூடக்கூட தலைக்குச் செலவு குறையும்.

இதில் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

பயேர்ன் டிக்கெட் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். 8:50 ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். முடிவு மறுநாள் அதிகாலை 3 மணி, அதனால் திரும்பும்போது அவசரம் இல்லை. ஐசிஇ, ஐசி ரயில்களில் அறவே செல்லாது. ஒரே நடைமேடையில் அடுத்தடுத்து இரண்டும் வரும். தவறி ஏறினால் குறைந்தபட்ச அபராதம் 60 யூரோ, அதுவும் தலைக்கு. டிக்கெட்டில் பயணிகளின் பெயர் எழுதியிருக்க வேண்டும், பரிசோதகர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார். நியூரம்பெர்க்கின் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாம் இதிலேயே அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது, தனியாக டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

கூட வரும் ஜெர்மனி உறவினர் வைத்திருப்பது டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க வட்டார ரயிலுக்கான மாதச் சீட்டு) என்றால் அது அவருக்கு மட்டும்தான், உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

ரயில் நிலையத்திலிருந்து சந்தை நடக்கும் ஹௌப்ட்மார்க்ட் சதுக்கம் நடையில் 15 நிமிடம். ஃப்ரௌவன்டோர் கோபுரத்தைத் தாண்டி கோனிக்ஸ்ட்ராசே தெருவில் நேராகப் போனால் லொரென்ஸ் தேவாலயம், பிறகு மியூசியம் பாலம், அதைத் தாண்டினால் சந்தை. அம்மாவுக்கு நடை கஷ்டம் என்றால் யு1 மெட்ரோவில் ஒரே நிறுத்தம், லொரென்ஸ்கிர்ஷே. பெட்டி, சூட்கேஸ் இருந்தால் நிலையத்து லாக்கரில் போடுங்கள். உருளைக்கல் தரையில் சக்கரப்பெட்டி இழுப்பதும் ஒன்று, மாட்டுவண்டி ஓட்டுவதும் ஒன்று.

பையனுக்கு ரயில் பிடிக்குமா? ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835-ல் இங்கிருந்து பக்கத்து ஊர் ஃப்யூர்த்துக்குத்தான் ஓடியது. அதை இழுத்த ஆட்லர் எஞ்சினின் மாதிரி நிலையத்துக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யு2, யு3 மெட்ரோ ரயில்களுக்கு ஓட்டுநரே கிடையாது, முன் கண்ணாடியில் உட்கார்ந்து சுரங்கத்தைப் பார்க்கலாம். எனக்குக் கேட்டால் சந்தையைவிட இதுதான்…

#4 வவுனியாப்பக்கம்

சனி பின்னேரம் போனால் சந்தையைப் பாக்க மாட்டியள், முன்னால நிக்கிற ஆளின்ர முதுகைத்தான் பாப்பியள். திங்கள் செவ்வாய் நல்லது. அதிலும் காலமை 10 மணியில இருந்து 12 வரைக்கும் கடைக்காரரோட கதைச்சு, பொருளைக் கையில எடுத்துப் பாத்து வாங்கலாம். வாங்கிற வேலையை அப்பவே முடியுங்கோ. பிறகு சாப்பாடு, மேட்டில இருக்கிற பழைய கோட்டை. அங்க சூரியன் நாலேகாலுக்கு முன்னமே போயிடும். நாலு மணிக்குத் திரும்பவும் சதுக்கத்துக்கு வந்தால் வானம் கருநீலமா இருக்கேக்க விளக்கெல்லாம் எரியும். அந்த அரை மணித்தியாலம்தான் வடிவு. அஞ்சு மணிக்குப் பிறகு வேலை முடிஞ்ச சனமும் வந்து சேரும், அப்ப வெளிக்கிடுங்கோ.

உடுப்பு: பகலில 2, 4 பாகை, இரவில பூச்சியத்துக்குக் கீழ. பனி கொட்டும் எண்டு நம்பாதேங்கோ, மழைத்தூறலும் ஈரக்குளிரும்தான் கூட. முதல் போறது கால். நடக்கேக்க தெரியாது, கல்லுத்தரையில நிண்டு குடிக்கேக்க ஏறும். தடிச்ச அடியுள்ள சப்பாத்து, கம்பளிக் காலுறை ஒரு சோடி. ரெண்டு சோடி போட்டு சப்பாத்தை இறுக்கினால் இரத்தம் ஓடாது, இன்னும் குளிரும். உள்ளுக்கு பருத்தி பெனியன் வேண்டாம், வேர்வை பிடிச்சு வைச்சு பிறகு ஐஸ் மாதிரி ஒட்டும். குடையை விட தொப்பி வைச்ச ஜக்கெற் நல்லது, அந்த ஒழுங்கைக்குள்ள குடை விரிச்சால் ஆற்றையும் கண்ணைக் குத்துவியள்.

#5 கசப்புக்காபி

எல்லாரும் ஒரே பக்கம் பேசினால் எப்படி. எதிர்க்கட்சிக்கு நான் வருகிறேன்.

ஆண்டுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வரும் இடம். ஒரே சதுக்கம், சுமார் 180 கடை. அதில் கணிசமானவை சாப்பாடும் சூடான ஒயினும். ஒரு கோப்பை ஒயின் 4 முதல் 5 யூரோ, கோப்பைக்கு முன்பணம் தனி. சாசேஜ் வைத்த பன் ஒன்றும் ஏறக்குறைய அதே விலை. நான்கு பேர் தின்று, குடித்து, சின்னதாக இரண்டு பொம்மை வாங்கினால் 80 யூரோ பறந்துவிடும். உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். சின்ன ஊர்ச் சந்தையில் இதே அனுபவம் பாதிச் செலவில், பாதிக் கூட்டத்தில் கிடைக்கும். பெயருக்காகப் போகிறார்கள் என்பதுதான் உண்மை.

#6 பெக்னிட்ஸ்கரை

கசப்புக்காபி சொல்லும் செலவுக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. "இதே அனுபவம்" என்பதில்தான் சிக்கல்.

இந்தச் சந்தைக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று 1628. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அனுப்பிய, பூ வரைந்த மரப்பெட்டி. அதன் அடியில் சந்தையின் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கிறது. அது இன்றும் அதே ஊரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில். இந்தப் பழமைக்காக நகர நிர்வாகம் கடுமையாக விதி வைத்திருக்கிறது: மரக்கடை, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை. பிளாஸ்டிக் தோரணம் கூடாது, ஒலிபெருக்கியில் பதிவுப்பாட்டு கூடாது, ராட்டினம் சதுக்கத்துக்குள் கூடாது. ஜெர்மனியில் பல ஊர்ச் சந்தைகள் திருவிழாக் கடைவீதி ஆகிவிட்டன, இது ஆகாமல் நிற்பதற்கு இந்த விதிகள்தான் காரணம். பாட்டு இல்லாததால் ஏற்படும் வித்தியாசம் போய் நின்றால்தான் புரியும்.

கிறிஸ்ட்கிண்ட் என்றொரு பாத்திரம் உண்டு, பொன்முடியும் கிரீடமுமாக வரும் இளம்பெண். தொடக்க நாள் மாலை 5:30-க்கு ஃப்ரௌவன்கிர்ஷே தேவாலயத்தின் மாடத்தில் நின்று சந்தையைத் திறந்துவைப்பார். சாண்டா இங்கே இரண்டாம்பட்சம். பரிசு தருவது புனித நிக்கோலஸ் என்ற வழக்கத்தை மாற்றிக் குழந்தை இயேசுவின் பக்கம் திருப்பிய மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் காலத்திலிருந்து வந்த மரபு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஊர்ப் பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 16 முதல் 19 வயது, உயரம் குறைந்தது 160 செ.மீ., உயரத்துக்குப் பயப்படக் கூடாது. 2019-ல் தேர்வானவரின் தந்தை இந்திய வம்சாவளி. அதைக் கிண்டல் செய்து ஒரு கட்சிக் கிளை பதிவு போட, ஊரே அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. வார நாட்களில் பிற்பகல் கிறிஸ்ட்கிண்ட் சந்தைக்கு வருவது வழக்கம், அந்த வார நிகழ்ச்சிநிரலைச் சந்தையின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராட்டினம் பக்கத்து ஹான்ஸ்-சாக்ஸ் சதுக்கத்தில், குழந்தைகளுக்கென்று தனிச் சந்தை. பழைய பாணி ராட்டினம், சின்ன நீராவி ரயில், பிள்ளைகள் கையால் பிஸ்கட் சுட, மெழுகுவர்த்தி செய்யக் கடைகள். 9 வயதுக்கு அங்கே ஒரு மணி நேரம். நகரமன்றப் பக்கம் நட்பு நகரங்களின் சந்தை, அதாவது நியூரம்பெர்க்கோடு உறவு வைத்திருக்கும் வெளிநாட்டு நகரங்களின் பொருட்கள். முக்கியச் சந்தையில் நெரிசல் ஏறினால் இங்கே ஒதுங்கலாம்.

மதியம் 12 மணிக்கு ஃப்ரௌவன்கிர்ஷே கடிகாரத்துக்கு எதிரே நில்லுங்கள். 1509-ல் செய்தது. பேரரசர் நாலாம் கார்லைச் சுற்றி ஏழு தேர்வுக்கோமான்கள் மூன்று சுற்று வருவார்கள், பேரரசரை அந்த ஏழு பேரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வகுத்த 1356-ன் பொற்சாசனத்தின் நினைவாக. பத்து நிமிடம் முன்பே நின்றால் போதும்.

#7 சைவப்பூனை

அம்மாவின் சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

சைவம் கிடைக்கும், முட்டையில்லாத சைவத்துக்குத்தான் விசாரிக்க வேண்டும். நமக்குச் சைவமாகத் தெரிவதில் பாதி அங்கே முட்டையோடு:

உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் கார்டோஃபல்புஃபர், ஆப்பிள் கூழோடு தருவார்கள். பார்த்தால் நம் அடைக்குத் தங்கை, ஆனால் மாவு பிடிக்கப் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். வாஃபிள், க்ரேப், சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே (ஒருவகை நூடுல்ஸ்) மூன்றிலும் முட்டை நிச்சயம். ஃப்ளாம்கூஹன் என்ற மெல்லிய ரொட்டியில் முட்டை இருக்காது, ஆனால் வழக்கமான வகையில் பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கும், இல்லாமல் கேட்டால் தருவார்கள். ப்ரெட்சல் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் பவேரியாவில் சில பேக்கரிகள் மாவில் பன்றிநெய் சேர்க்கும் பழைய பக்குவத்தை விடவில்லை. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கவலையில்லாதவை: அனலில் வாட்டிய கஷ்கொட்டை (மரோனி), சர்க்கரையும் பட்டையும் சேர்த்து வறுத்த பாதாம், சாக்லேட்டில் தோய்த்த பழக்குச்சி, சுட்ட உருளைக்கிழங்கு. கஷ்கொட்டை சூடாக இருக்கும்போதே தோல் உரிய வேண்டும், ஆறினால் உள்தோல் ஒட்டிக்கொண்டு கசக்கும்.

எப்படிக் கேட்பது? ஜெர்மனில் முட்டைக்குப் பெயர் "ஐ". ஆமாம், அவ்வளவுதான், ஒற்றை எழுத்து. "இஸ்ட் டா ஐ ட்ரின்?" என்றால் "இதில் முட்டை இருக்கிறதா?". இரைச்சலில் புரியவில்லை என்றால் "அலெர்கேன்லிஸ்டே" என்று கேளுங்கள். ஒவ்வாமை தரும் 14 பொருட்களின் விவரத்தைப் பொட்டலம் இல்லாத உணவுக்கும் சொல்லியாக வேண்டும் என்பது 2014 டிசம்பர் முதல் ஐரோப்பியச் சட்டம். முட்டை அதில் ஒன்று. கடைக்காரர் மறந்தாலும் தாள் சொல்லும். ஆனால் பன்றிநெய் அந்த 14-ல் வராது, அதை வாய் திறந்துதான் கேட்க வேண்டும்.

அசைவக்காரர்களுக்கு: நியூரம்பெர்க் சாசேஜ் விரல் நீளம்தான், 7 முதல் 9 செ.மீ., 20 முதல் 25 கிராம். மூன்றைப் பன்னுக்குள் வைத்துத் தருவதற்கு "ட்ரை இம் வெக்லா" என்று பெயர். பன்றியிறைச்சி, மேலுறை ஆட்டுக்குடல். ஹலால் பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

#8 மாம்பலம்வெயில்

25-ஐ மாற்றிவிட்டோம், 22 செவ்வாய். "ஐ" விஷயத்தைக் கேட்டு அம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறார். அந்தச் சூடான ஒயின், கோப்பை முன்பணம் எல்லாம் எப்படி? பையனுக்கு என்ன வாங்கித் தரலாம்?

#9 கசப்புக்காபி

இதில் உதவுகிறேன்.

க்ளூவைன்: சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை. சட்டப்படி ஆல்கஹால் குறைந்தது 7 சதவீதம் இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றி நீட்டக் கூடாது. நல்ல கடைக்கு அடையாளம் சூடு. 80 பாகைக்குள் வைத்திருந்தால் வாசனை நிற்கும். கொதிக்கவிட்டால் ஆல்கஹால் ஆவியாகி, கிராம்பு கசந்து, கஷாயம் ஆகிவிடும். தள்ளி நின்றாலே ஆவி குபுகுபுவென்று தெரிந்தால் அடுத்த கடை. அந்த வட்டாரத்தில் அவுரிநெல்லி போட்ட வகை பிரபலம், கொஞ்சம் இனிப்புத் தூக்கல். "மிட் ஷுஸ்" என்றால் ரம்மோ அமரெட்டோவோ ஒரு மடக்கு கூடுதலாக விழும், தெரியாமல் தலையாட்டிவிடாதீர்கள்.

பையனுக்கு "கிண்டர்புன்ஷ்", பழச்சாறும் மசாலாவும், ஆல்கஹால் கிடையாது. நிறமும் கோப்பையும் ஒயின் மாதிரியேதான் இருக்கும், கை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பை முன்பணம்: விலையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள், கோப்பையைக் கொடுத்தால் திரும்பும். வாங்கிய கடையிலேயே கொடுங்கள், வேறு கடைக்காரர் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வைத்துக்கொள்ள ஆசை என்றால் முன்பணத்தை மறந்துவிட வேண்டியதுதான், வேறு தப்பில்லை. மலிவான நினைவுப்பொருள் அதுதான் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். கார்டு எல்லாக் கடையிலும் போகாது, 1, 2 யூரோ நாணயமாக இருபது யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளைஷ் பாலத்தருகே ஆற்றங்கரையில் பெரிய கொப்பரை வைத்து ஃபாயர்ட்சாங்கன்போவ்லே விற்பார்கள். க்ளூவைன்மேல் சர்க்கரைக்கூம்பை வைத்து, ரம் ஊற்றிக் கொளுத்தி, உருகிச் சொட்டவிடுவது. பார்க்க நன்றாக இருக்கும், தலைக்கு ஏறும்.

வண்டி ஓட்டுபவர் தொடவே வேண்டாம். ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு)தான் எல்லை, 21 வயதுக்குக் கீழ் என்றால் பூஜ்யம். வாடகை மின்ஸ்கூட்டருக்கும் இதே சட்டம். அதைத் தெரியாமல் உரிமத்தைப் பறிகொடுக்கும் சுற்றுலாப் பயணிகள் உண்டு.

#10 ஏலக்காய்த்தோல்

லேப்கூஹன் பற்றி யாருமே எழுதாமல் இழை பத்தாவது பதிவுக்கு வந்துவிட்டது, வெட்கம்.

நியூரம்பெர்க் என்றால் இந்த மசாலா கேக்தான். சுற்றியிருந்த பேரரசுக் காட்டில் தேன் எடுப்பவர்கள், வெனிஸ் வழியாக மிளகு, பட்டை, ஏலம் வந்திறங்கிய வணிகப் பாதை, இரண்டும் கூடிய இடம் என்பதால் இங்கே வளர்ந்தது. அந்த மிளகு புறப்பட்டது மலபார்க் கரையிலிருந்து. பணக்கார நியூரம்பெர்க் வணிகர்களை "மிளகு மூட்டை" என்றே கேலி பேசினார்கள்.

வாங்கும்போது இதயவடிவில் சர்க்கரை எழுத்து போட்டுத் தொங்கவிட்டிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அது அலங்காரம், கடித்தால் பல் பேசும். நீங்கள் தேட வேண்டிய சொல் "எலிசன்". அந்தப் பெயர் போட வேண்டுமென்றால் பாதாம், ஹேசல், வால்நட் போன்ற பருப்பு குறைந்தது 25 சதவீதம், மாவு அதிகபட்சம் 10 சதவீதம் என்று விதி. நல்ல கடைகளில் மாவே இல்லாமலும் செய்வார்கள். அடியில் மெல்லிய வெள்ளைத் தகடு இருக்கும், ஒப்லாட்டன், அதையும் சேர்த்துத்தான் தின்பது. காகிதம் என்று உரித்துப் போடுபவர்கள் ஏராளம். "நியூரம்பெர்கர் லேப்கூஹன்" என்ற பெயர் 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பில் இருக்கிறது, நகர எல்லைக்குள் சுட்டதற்கு மட்டுமே போடலாம்.

அம்மாவுக்கு ஆகாது, எலிசனில் முட்டை உண்டு. வீகன் முத்திரை போட்ட பொட்டலம் தேடுங்கள்.

அழகான தகர டப்பாவுக்கு விலை தனி. படம் போட்ட டப்பா வேண்டாம் என்றால் செல்லோஃபேன் பொட்டலம், அதே சரக்கு. பெரிய நிறுவனங்களின் கடைகள் பழைய நகரத்தில் சந்தைக்கு வெளியேயும் உண்டு, விலையை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். சர்க்கரை மேற்பூச்சை விட சாக்லேட் பூச்சு ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் சென்னை வெயிலில் உருகி ஒட்டும். ஊருக்கு என்றால் பூச்சில்லாதது அல்லது சர்க்கரைப் பூச்சு. கெட்டியாகிவிட்டால் டப்பாவுக்குள் ஒரு துண்டு ஆப்பிள் வைத்து மூடுங்கள், ஒன்றிரண்டு நாளில் மெதுவாகும். ஆப்பிளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை.

#11 மெழுகுத்துளி

கைவினைப் பக்கம் நான்.

இந்த ஊருக்கே உரியவை இரண்டு. ஒன்று ஸ்வெட்ஷ்கன்மென்லே: கம்பியில் உலர்ந்த பிளம் கோர்த்துக் கைகால், தலைக்கு முகம் வரைந்த வால்நட். தின்பதற்கல்ல. ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், நம் ஊர்க் காற்றில் வண்டும் அந்துப்பூச்சியும் மணம் பிடித்து வரும். இன்னொன்று ரௌஷ்கோல்ட் தேவதை: மெல்லிய பித்தளைத் தகட்டில் மடிப்புப் பாவாடை, கை கிடையாது. தகடு தங்கம் மாதிரி மினுங்கும், தொட்டால் சலசலக்கும், பெயரே அந்தச் சலசலப்பால் வந்தது. வளைந்தால் மடிப்பு நிமிராது, அதனால் அட்டைப்பெட்டியோடு வாங்குங்கள்.

மரப் பொம்மைகளும், மெழுகுவர்த்திச் சூட்டில் விசிறி சுற்றும் சுழல் பிரமிடும் கிழக்கு ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதிச் சரக்கு. அசலுக்கு அங்கே செய்ததற்கான முத்திரையும் செய்தவர் பெயரும் இருக்கும். பிரமிடு வாங்கினால் மெழுகுவர்த்தி விட்டத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வழக்கமாக 14 மி.மீ. அல்லது 17 மி.மீ. குண்டு வர்த்தி வைத்தால் சூடு அதிகமாகி மேலே உள்ள விசிறி கருகும், ஒல்லி வைத்தால் சுழலாது. சுழலவில்லை என்றால் முதலில் தரை மட்டமா என்று பாருங்கள், பிறகு விசிறிச் சிறகுகள் எல்லாம் ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கின்றனவா என்று. மேலே மின்விசிறி ஓடினால் எப்படியும் ஓடாது.

புகைவிடும் மனிதப் பொம்மைக்குள் வைப்பது, சொன்னால் சிரிப்பீர்கள், நம் கம்ப்யூட்டர் சாம்பிராணியின் ஒன்றுவிட்ட தம்பி. கூம்பின் நுனியைப் பற்றவைத்து, ஊதி அணைத்து, கங்கு நிற்கும்போது உள்ளே தகரத்தட்டில் வைத்து மேல்பாதியை மூட வேண்டும். நம் ஊர்க் கூம்பு தடிமன் என்பதால் அதில் போடாதீர்கள், சூடு தாங்காமல் மரம் கருகும்.

விளக்கு நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு: 230 வோல்ட், இந்தியாவில் ஓடும். அமெரிக்காவில் ஓடாது.

கண்ணாடி உருண்டைகளை முட்டை அட்டையில் வைத்து, ஒவ்வொன்றையும் காலுறைக்குள் நுழைத்தால் பத்திரம். பனிக்குமிழ்ப் பொம்மையைக் கைப்பையில் போடாதீர்கள், உள்ளே இருப்பது திரவம் என்று விமான நிலையத்தில் வாங்கிவிடக்கூடும்.

#12 வவுனியாப்பக்கம்

ஊருக்குக் கொண்டு போறதைப் பற்றி இன்னும் கொஞ்சம். லண்டன் ஆக்கள் கவனியுங்கோ: 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில இருந்து இறைச்சியும் பால்பொருளும் பிரித்தானியாவுக்குத் தனியாள் கொண்டு போகேலாது. ரின்னில அடைச்ச சொசேஜும் அதுக்குள்ளதான். அவுஸ்திரேலியா போறவை மரம், பருப்பு, உலர்பழம் எல்லாத்தையும் படிவத்தில எழுதிக் காட்டவேணும். காட்டினால் பாத்திட்டு விடுவினம் அல்லது எடுப்பினம், மறைச்சால்தான் தண்டம். அந்தப் பிளம் பொம்மை அதில கட்டாயம் மாட்டும். இந்தியாவுக்கு ஒயின் போத்தில் ஆளுக்கு ரெண்டு லீற்றர் வரைக்கும் வரியில்லை, பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ.

#13 கசப்புக்காபி

சரி, பிளம் பொம்மைக்கும் பாட்டில்லாத சதுக்கத்துக்கும் பாதி மதிப்பெண் தருகிறேன். ஆனாலும் இரண்டு நாள் கையில் இருப்பவர்கள் ஒரு நாளைப் பாம்பெர்க்குக்குக் கொடுங்கள். வட்டார ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள், அதே பயேர்ன் டிக்கெட். சந்தை சிறியது. ஆனால் ஊர் முழுக்கத் தேவாலயங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இயேசு பிறப்புக் குடில்கள் வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றாக நடந்து பார்க்கலாம். ரோதன்பர்க் படத்தில் அழகு, ஆனால் ரயில் மாற வேண்டும், பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டும். அங்கே தங்கினால் மட்டும் போகலாம்.

நியூரம்பெர்க்கில் தங்க நினைப்பவர்கள் அட்வென்ட் வார இறுதி அறை விலையைப் பார்த்துவிட்டு ஃப்யூர்த்தில் தேடுங்கள். யு1 மாறாமல் லொரென்ஸ்கிர்ஷே வரை வரும்.

#14 மாம்பலம்வெயில்

22 செவ்வாய்க்கு இப்படிப் போட்டிருக்கிறோம்: 9-க்குப் பிறகு வட்டார ரயில், 11 மணிக்குச் சந்தை, 12-க்குக் கடிகாரம், பிறகு பொருள் வாங்குவது, 1:30-க்குக் குழந்தைகள் சந்தை, 2:30-க்குக் கோட்டை, 4-க்கு மறுபடி சதுக்கம், 5:30-க்குக் கிளம்புவது. சரியா?

#15 பெக்னிட்ஸ்கரை

இரண்டு திருத்தம். கோட்டைக்குச் சதுக்கத்திலிருந்து ஒரே ஏற்றம், கல்பாவிய சாலை, ஈரமென்றால் வழுக்கும். அம்மாவை அங்கே இழுக்காதீர்கள். நீங்களும் பையனும் மேலே போய்க் கூரைகளைப் பாருங்கள், கோட்டையின் ஃப்ரையுங் மொட்டைமாடிக்குக் கட்டணம் இல்லை. அந்த நேரம் அவர் லொரென்ஸ் தேவாலயத்துக்குள் உட்காரட்டும், பெஞ்ச் இருக்கும், காற்றும் ஈரமும் இருக்காது.

இன்னொன்று, 4 மணிக்குத் திரும்பும்போது மியூசியம் பாலம் அடைத்துக்கொண்டு நிற்கும். ஆற்றின்மேல் நிற்கும் பழைய மருத்துவமனையைப் படமெடுக்க எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் மேற்கே ஃப்ளைஷ் பாலம் வழியாக வந்துவிடுங்கள்.

#16 ரயில்பித்தன்

5:30-க்குக் கிளம்பினால் வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தோடு நின்றுகொண்டு போவீர்கள். வட்டார ரயிலில் இருக்கை முன்பதிவு இல்லை. ரயில் புறப்பட 15 நிமிடம் முன்பே நடைமேடையில் நின்று, நடுவில் ஏறாமல் கடைசிப் பெட்டிகளுக்கு நடந்து போங்கள். அல்லது ஒரு மணி நேரம் தள்ளிப் புறப்படுங்கள்.